பேனாவைப் பிடுங்காத டீச்சர்

2023 டிசம்பரில் கேட் ரிசல்ட் வந்த அன்று, வேளச்சேரியில் நாங்கள் நாலு பேர் தங்கியிருந்த வீட்டின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று எண்கள் இருந்தன. ஆங்கில வாசிப்புப் பகுதியில் 93. கணக்கில் 95. இரண்டுக்கும் நடுவில் டிஐஎல்ஆர் என்கிற பகுதியில் 61.

இவை மதிப்பெண்கள் இல்லை, பெர்சென்டைல். எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் நமக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்ற கணக்கு. 61 என்றால் நூறில் 39 பேர் எனக்கு முன்னால் நிற்கிறார்கள். அந்த வருடம் தேர்வு எழுதியவர்கள் கிட்டத்தட்ட 2.9 லட்சம் பேர். பெருக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

கோவில்பட்டியிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"என்னாச்சுய்யா, பாஸா?"

"இதுல பாஸ் ஃபெயிலெல்லாம் கெடையாதும்மா."

"அப்புறம் ஏன் கொரலு இப்பிடி இருக்கு?"

பல ஐஐஎம்கள் மொத்த பெர்சென்டைலை மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக ஒரு குறைந்தபட்சம் வைத்திருக்கின்றன. இடஒதுக்கீட்டுப் பிரிவைப் பொறுத்து அது மாறும். மற்ற இரண்டு பகுதிகளில் எவ்வளவு வாங்கினாலும் ஒன்றில் சறுக்கினால் நேர்முகத் தேர்வுக்கே கூப்பிட மாட்டார்கள். என் நிலைமை அதுதான். இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "ஒரு சப்ஜெக்ட்ல கம்மியாயிருச்சு" என்றேன். "அதுக்கு மட்டும் ஒரு டியூசன் வச்சிக்கயேன்" என்றாள். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் வராதபோதும் இதையேதான் சொன்னாள்.

இதற்கு முந்தின வருடக் கதையையும் சொல்ல வேண்டும். 2022-இல் முதல் முறை எழுதியபோது ஒரு பெரிய கோச்சிங் சென்டரில் 48,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். அந்தப் பணம் அம்மாவின் இரண்டரைப் பவுன் சங்கிலி. கூட்டுறவு வங்கியில் அடகில் இருக்கிறது. வருடம் முடிந்தால் வட்டியைக் கட்டித் திருப்பி வைப்போம். நான் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் வாடகை, தங்கச்சி ஃபீஸ், அப்பாவின் மருந்து என்று போனது போக அசலைக் கட்டும் அளவுக்கு ஒருபோதும் மிஞ்சவில்லை. அம்மா அந்தச் சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததுதான் கஷ்டமாக இருந்தது.

டிஐஎல்ஆர் என்பது புள்ளிவிவரத்தைப் படித்துப் பொருள் கொள்வதும் தர்க்கமும் சேர்ந்த பகுதி. ஒரு அட்டவணையோ வரைபடமோ நாலைந்து நிபந்தனைகளோ கொடுப்பார்கள். அதன் கீழே நான்கோ ஐந்தோ கேள்விகள் இருக்கும். இந்த மொத்தத் தொகுப்புக்குப் பெயர் செட். 2015-இல் இது மறுபடியும் தனிப் பகுதியானது. அப்போது அறுபது நிமிடம் கொடுத்தார்கள். 2020-இல், கொரோனா காலத்தில், மூன்று மணிநேரத் தேர்வை இரண்டு மணிநேரமாகச் சுருக்கியபோது இது நாற்பது நிமிடமானது. கொரோனா போய்விட்டது, நாற்பது நிமிடம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இதற்குச் சூத்திரம் கிடையாது, பாடத்திட்டமும் கிடையாது. கணக்கில் வட்டி தெரியாவிட்டால் வட்டியைப் படிக்கலாம். இங்கே எதைப் படிப்பது?

அதனால்தான் ஆள் தேட ஆரம்பித்தேன்.

முதலில் என் பழைய கோச்சிங் சென்டருக்கே போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டிஐஎல்ஆருக்கு மட்டும் தனி வகுப்பு நடந்தது. அறுபது பேர், ஏசி ஹால். சார் உண்மையிலேயே கெட்டிக்காரர். செட்டைத் திரையில் போடுவார், ஒரு நிமிடம் தாடையைத் தடவுவார், பிறகு பலகையில் சரசரவென்று அட்டவணை முளைக்கும். நான்கே நிமிடம். எங்கள் எல்லோருக்கும் கை தட்டத் தோன்றும்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

புரிந்தது உண்மைதான். ஆனால் அறைக்கு வந்து அதே மாதிரி இன்னொரு செட்டை எடுத்தால் இருபது நிமிடம் கழித்தும் வெறும் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவர் நன்றாக நீந்துவதைக் கரையிலிருந்து ஆறு வாரம் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்து ஆன்லைனில் ஒருவர். பெரிய ஐஐஎம்மில் படித்தவர். ஒரு மணிநேரத்துக்கு 2,500 ரூபாய், முதல் அரை மணிநேரம் இலவசம். அந்த அரை மணிநேரத்தில் தன் திரையைப் பகிர்ந்து ஒரு செட்டைப் போட்டுக் காட்டினார். இருபது மணிநேரத்துக்கான மொத்த விலையையும் காட்டினார். "யூ ஜஸ்ட் நீட் த ரைட் அப்ரோச்" என்றார். அந்த அப்ரோச் என்ன என்று கேட்டேன். பேக்கேஜில் வரும் என்றார்.

மூன்றாவது ஆள் ஆபீஸ் நண்பனின் தம்பி. இன்ஜினியரிங் கடைசி வருடம். முதல் தடவையிலேயே டிஐஎல்ஆரில் 99-க்கு மேல். காசு வேண்டாம் என்று பெருங்குடியில் ஒரு டீக்கடைக்கு வந்தான். நல்ல பையன். நான் ஒரு செட்டை நீட்டியதும் கண்ணாலேயே பார்த்து "மூணாவது கேள்விக்கு பி" என்றான். எப்படி என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் யோசித்தான். "தெரியல ப்ரோ, பார்த்தா தெரியுது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. நடக்கத் தெரிந்தவனிடம் எப்படி நடக்கிறாய் என்று கேட்டால் அவன்தான் என்ன சொல்வான்.

இந்த மூன்று பேரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். மூன்று பேருமே எனக்குப் போட்டுக் காட்டினார்கள். நான் போடுவதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போவேன். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் சென்னையின் பாதித் தேர்வுகள் உட்கார்ந்திருக்கும். குரூப் ஒன், வங்கித் தேர்வு, சிஏ, நீட். பக்கத்தில் சிஏ படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், நான் ஒரே பக்கத்தை முக்கால் மணிநேரம் முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கேண்டீனில் வைத்துச் சொன்னாள்: "மடிப்பாக்கத்துல ஒரு அக்கா இருக்காங்க. எங்க ஆடிட் ஆபீஸ்ல இருந்தவங்க. இதெல்லாம் சொல்லித் தருவாங்க. ஆனா போர்டெல்லாம் வச்சு நடத்தல, வீட்லதான்."

2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வேளச்சேரியிலிருந்து ஷேர் ஆட்டோ. இரண்டாவது மாடி, வாசலில் சின்னச் செருப்பு ஒரு ஜோடி. சாப்பாட்டு மேசையில் பாதியை ஒரு ஒண்ணாங்கிளாஸ் பையனின் வண்ணப் பென்சில்கள் பிடித்திருந்தன. மீதிப் பாதி எனக்கு.

"ஃபீஸ் எவ்வளவு மேடம்?"

"மணிக்கு எழுநூறு. அட்வான்ஸ் வேண்டாம், கிளாஸ் முடிஞ்சதும் குடுங்க. சரியா வரலன்னா ரெண்டு பேரும் நிறுத்திக்கலாம். அக்கான்னே கூப்பிடுங்க."

ஒரு செட்டை என் முன்னால் வைத்தார். தனக்கு ஒரு சின்ன நோட்டு, மொபைலில் ஸ்டாப்வாட்ச். "போடுங்க."

"எப்படிப் போடணும்னு..."

"எப்பவும் போடற மாதிரி."

பதினாறு நிமிடம் அவர் வாயைத் திறக்கவில்லை. நடுவில் பையன் வந்து ரப்பர் கேட்டான், எடுத்துக் கொடுத்தார். குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் எழுதினேன், அடித்தேன், திருப்பி எழுதினேன். அவர் நோட்டில் அவ்வப்போது ஏதோ குறித்துக்கொண்டார். யாரோ ஒருவர் நம் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வரும் கூச்சம் இருக்கிறதே, மருத்துவரிடம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது போல.

பிறகு நோட்டை என் பக்கம் திருப்பினார். அதில் விடை எதுவும் இல்லை. நேரம் மட்டும் இருந்தது.

18 வினாடி: எழுத ஆரம்பித்தார். 2.10: முதல் அடித்தல். 4.40: பழைய அட்டவணையை விட்டுப் புதிது. 7.00: முதல் நிபந்தனையைத் திரும்பப் படித்தார். 9.30: மறுபடி அதே நிபந்தனை. 12.00: பேனாவைக் கடிக்கிறார்.

"தம்பி, செட்டைப் படிச்சு முடிக்கவே ஒரு நிமிஷம் ஆகும். நீங்க பதினெட்டாவது செகண்ட்ல எழுத ஆரம்பிச்சிட்டீங்க. எதை எழுதினீங்க?"

எனக்கே தெரியவில்லை. கட்டம் போட்டேன். ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்று போட்ட கட்டம் அது.

அந்த செட் இதைப் போன்றது. எளிமையாக்கிச் சொல்கிறேன். நான்கு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற மூன்றுடனும் ஒருமுறை மோதுகின்றன. வென்றால் 3 புள்ளி, டிரா ஆனால் ஆளுக்கு 1, தோற்றால் ஒன்றுமில்லை. கடைசியில் முதல் அணிக்கு 7, இரண்டாவதற்கு 5, மூன்றாவதற்கு 3, நான்காவதற்கு 1. யார் யாரை வென்றார்கள்?

நான் கட்டம் போட்டு, இவன் வென்றிருந்தால், இல்லை தோற்றிருந்தால் என்று ஒவ்வொன்றாக முயன்றுகொண்டிருந்தேன். அக்கா பேனாவை மேசையில் வைக்கச் சொன்னார்.

"இதுல சொல்லாம விட்ட நம்பர் ஏதாவது இருக்கா?"

யோசித்தேன். ஆறு ஆட்டங்கள். எல்லாமே வெற்றி தோல்வியில் முடிந்திருந்தால் மொத்தம் 18 புள்ளி. ஆனால் 7, 5, 3, 1 கூட்டினால் 16. ஒவ்வொரு டிராவும் மொத்தத்தில் ஒரு புள்ளியைக் குறைக்கும். ஆகவே டிரா இரண்டே இரண்டு. 5 புள்ளி வர ஒரே வழி, ஒரு வெற்றி, இரண்டு டிரா. அப்படியானால் நடந்த இரண்டு டிராவும் இரண்டாவது அணியுடையவை. 7 புள்ளிக்கு ஒரு டிரா வேண்டும், 1 புள்ளிக்கும் ஒரு டிரா வேண்டும். எனவே அந்த இரண்டும் முதல் அணியோடும் நான்காவது அணியோடும். மீதி தானாக விழுந்தது: இரண்டாவது அணி மூன்றாவதை வென்றது, முதல் அணி மற்ற இருவரையும் வென்றது, மூன்றாவது அணி நான்காவதை வென்றது. ஒரு கட்டம்கூடப் போடவில்லை.

இதை அவர் சொல்லித் தரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் கேட்டது ஒரு கேள்வி. பிறகு நான் 18 என்ற எண்ணுக்கு வரும்வரை காத்திருந்தார். ரொம்ப நேரம் ஆனது. எதிரில் இருப்பவர் திணறும்போது சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று எனக்குத் தெரியாது.

அடுத்த வகுப்பில் பேனாவே கிடையாது. ஐந்து செட்டுகளைக் கொடுத்தார். ஐந்து நிமிடம். போட வேண்டாம், எதை எடுப்பீர்கள், எதை விடுவீர்கள், ஏன் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

"எல்லாத்தையும் போடத்தான பரீட்சை?"

"யாரு சொன்னா? மூணு செட் முழுசா வந்தா போதும். நாலாவது வந்தா போனஸ். இந்தப் பகுதியே எதை விடணும்னு பாக்கறதுக்குத்தான்."

போன வருடத் தேர்வில் என்ன செய்தேன் என்று கேட்டார். சொன்னேன். முதல் செட் எனக்குப் பழக்கமான வகை. பார்த்ததும் சந்தோஷமாக எடுத்தேன். எட்டாவது நிமிடத்தில் ஒரு முரண்பாடு வந்தது. திரும்பத் தொடங்கினேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் இன்னொன்று. பத்தொன்பதாவது நிமிடத்தில் விட்டேன். மீதி இருபத்தோரு நிமிடத்தில் மற்ற எல்லாம்.

"எட்டாவது நிமிஷம் ஏன் விடல?"

"எட்டு நிமிஷம் போட்டாச்சே..."

"அதான்" என்றார். "போட்ட நேரம் போயிடுச்சு தம்பி. அது எந்த செட்லயும் திரும்ப வராது. இருக்கற நேரத்தை எங்க போடறதுங்கறதுதான் கேள்வி."

அன்று ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது செட்டைப் பற்றி யோசிக்கவில்லை. 48,000 ரூபாய் போட்டாச்சே என்றுதான் இரண்டாவது வருடம் எழுதினேன். இரண்டு வருடம் போட்டாச்சே என்று மூன்றாவது. உண்மையில் எனக்கு ஐஐஎம் வேண்டுமா, இல்லை அந்தச் சங்கிலிக்கு ஒரு நியாயம் வேண்டுமா? வேளச்சேரி வந்தும் பதில் வரவில்லை. ஆனால் கேள்வி சரியான இடத்தில் வந்து நின்றிருந்தது.

அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். டிஐஎல்ஆர் மறுபடியும் தனிப் பகுதியாக வந்த முதல் வருடமே அவரும் எழுதியிருக்கிறார். "உங்களுக்கு நேர் எதிர். எனக்கு இது மட்டும்தான் வந்துச்சு, மத்த ரெண்டும் ஊத்திக்கிச்சு" என்று சிரித்தார். மறுபடி எழுதவில்லையா என்று கேட்டேன். "இல்ல" என்றார். அந்த 'இல்ல'வில் வருத்தத்தைத் தேடிப் பார்த்தேன். அப்படி எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை. பையனுக்குத் தோசை ஊற்ற எழுந்து போனார்.

எட்டு வகுப்புகள் நடந்தன. ஒவ்வொன்றிலும் அந்த நேரக்குறிப்பு நோட்டு. மெல்ல மெல்ல 18 வினாடி 50 ஆனது, பிறகு 80. அடித்தல்கள் குறைந்தன. ஒருநாள் ஒரு செட்டைப் பாதியில், ஐந்தாவது நிமிடத்தில், நானாகவே மூடிவைத்தேன். அக்கா எதுவும் சொல்லவில்லை. நோட்டில் எதையோ கொஞ்சம் பெரிதாக எழுதினார். எட்டாவது வகுப்பு முடிந்து பணத்தை நீட்டியபோது சொன்னார்:

"அடுத்த வாரம் வர வேண்டாம் தம்பி."

பதறிவிட்டேன். "என்னக்கா, ஏதாவது..."

"இனிமே நான் பார்க்கறதுக்கு ஒண்ணுமில்ல. நீங்களே நோட்டு வச்சுக் குறிச்சுக்கலாம். எழுநூறு ரூபா எதுக்கு வீணா?"

எத்தனையோ இடங்களில் படித்திருக்கிறேன். நீ போகலாம், உனக்கு இனி நான் வேண்டாம் என்று காசு வாங்குகிற ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நல்ல டியூஷன் டீச்சரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். முதல் வகுப்பில் பேனா யார் கையில் இருந்தது என்று பாருங்கள் என்பேன். கடைசி வகுப்பு எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்றும் பாருங்கள்.

2024 நவம்பர் 24, மதிய ஷிஃப்ட். இந்த முறை டிஐஎல்ஆரில் 22 கேள்விகள், ஐந்து செட்டுகள். முதல் ஐந்து நிமிடம் கொடுத்த பேனாவை மூடியோடு வைத்துவிட்டுத் திரையை மட்டும் பார்த்தேன். பக்கத்துக் கம்ப்யூட்டர்களில் எல்லோரும் எழுதத் தொடங்கிவிட்ட சத்தம் கேட்டது. ரஃப் ஷீட்டில் பேனா ஓடும் சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கை பரபரத்தது. பழக்கமான வகை செட் ஒன்று இந்த முறையும் இருந்தது. விட்டேன். மூன்று செட் முழுதாக முடித்தேன், நான்காவதில் ஒரு கேள்வி.

டிஐஎல்ஆரில் 87.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். புதிய ஐஐஎம்கள் இரண்டிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. ஒன்றில் கிடைக்கவில்லை. இன்னொன்றில் காத்திருப்போர் பட்டியல். 2025 ஏப்ரலிலிருந்து அந்தப் பட்டியல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் எண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "87-ஆ! சூப்பர்" என்று மட்டும் பதில் வந்தது. மற்றதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜூனில் ஊருக்குப் போனபோது, பெயர் வந்தால் கல்லூரிக்குக் கட்ட வேண்டியிருக்கும் என்று சேர்த்து வைத்திருந்த முன்பணத்தை எடுத்துக்கொண்டு கூட்டுறவு வங்கிக்குப் போய் அசலையும் வட்டியையும் கட்டினேன். அம்மா சங்கிலியை வாங்கிக் கையில் வைத்து எடை பார்ப்பது போல ஆட்டினாள். "இந்த வருசம் எழுதப் போறியாய்யா?" என்றாள். யோசிச்சுச் சொல்றேம்மா என்றேன். முதல் முறையாக அது பொய்யாக இல்லை. எழுதினாலும் விட்டாலும் அது இனி அந்தச் சங்கிலிக்காக இருக்காது.

அன்று ராத்திரி தங்கச்சி அக்கவுண்டன்சி நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். பிளஸ் டூ. இருப்புச் சோதனை சமன் ஆகவில்லை. பற்றுக்கும் வரவுக்கும் 900 ரூபாய் வித்தியாசம். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வித்தியாசம் இரட்டைப்படை, அதில் பாதி 450. வரவுப் பக்கம் வரவேண்டிய 450 பற்றுப் பக்கம் போயிருந்தது.

"இங்க பாரு, இது இந்தப் பக்கம் வரணும், இப்ப கூட்டு..."

"அண்ணே."

"என்ன?"

"பேனாவக் குடு."

அவள் பேனா என் கையில் இருந்தது. எப்போது வாங்கினேன் என்றே தெரியவில்லை. திருப்பிக் கொடுத்தேன். அவள் நான் எழுதியதை அடித்துவிட்டு மேலிருந்து மறுபடி கூட்ட ஆரம்பித்தாள். நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.